காரின் அடிப்பாகத்தை வீட்டிலேயே கழுவி கோட்டிங் அடிக்க: டெல்டா களிமண்ணுக்கும் உப்புக்காற்றுக்கும் எது நிற்கும்?

கடைமடை
வேதாரண்யம் பக்கம் ஓடும் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2017 மாடல். பின் சக்கரத்துக்கு முன்னால் கம்பெனி பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கு. பின் ஆக்சில் முழுக்கச் செந்துரு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் மடிப்பில் விரல் அகலத்துக்கு ஒரு கொப்புளம். வாட்டர் சர்வீஸில் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிக்கலாம்னு சொல்றாங்க. டவுனில் ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொல்றாங்க. வீட்டில் சிமென்ட் களம் இருக்கு, பிரஷர் வாஷர் இருக்கு. போர் தண்ணீர் உவர்ப்பு. எங்கே ஆரம்பிக்கிறது?

பட்டறைவாசல்
தம்பி, கோட்டிங்கைக் கடைசியில் பேசுவோம். நீங்க எழுதினதில் முக்கியமான வார்த்தை "உவர்ப்பு".

சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கு, அதுக்கு 33 சதவீதமே போதும். அதாவது உங்க ஊரில் வண்டிக்கு அடியில் உப்பு ஒட்டியிருந்தால் அந்தத் தகடு வருஷம் முழுக்கக் காயாது. மழை வேணும்னு அவசியமே இல்லை. மேலே களிமண் அப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஈரத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளும். உவர்ப்புத் தண்ணீரில் கழுவிட்டு அப்படியே விட்டால் அழுக்கு போகும், உப்பு தங்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், சில நூறு ரூபாயில் கிடைக்கும், ஒண்ணு வாங்குங்க. 500க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மண் கரைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்க, கடைசி அலசலுக்கு வேண்டாம். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீரோ முப்பது லிட்டர் போதும். மருந்தடிக்கிற 16 லிட்டர் தெளிப்பானில் இரண்டு ரொப்பு. கைத்தெளிப்பான் குழல் சந்து பொந்துக்குள்ளே போகும், தண்ணீரும் வீணாகாது. ஒரே எச்சரிக்கை: களைக்கொல்லி அடித்த தெளிப்பானாக இருந்தால் முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்க.

மன்னை_ஓட்டம்
களம்னு சொன்னதால் ஒரு விஷயம். வண்டி தூக்க சிமென்ட் களம் மாதிரி வசதியான இடம் கிடையாது, சமமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். ஆனால் நெல் காயும் இடம். ஆயிலும் கோட்டிங் துளியும் தரையில் விழவே கூடாது. தடித்த தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ஒரு சாக்கு உமி பரப்பிவிட்டு வேலை பாருங்க. ஒழுகுகிற எண்ணெயை உமி குடித்துவிடும், முடிந்ததும் கூட்டி அள்ளிடலாம். கழுவும்போது இந்த விரிப்பு வேண்டாம், கழுவ வேறு இடம் பாருங்க. எண்ணெய் கலந்த தண்ணீர் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ ஓடாத இடமாக இருக்கணும்.

மண் தரையில்தான் தூக்க முடியும்னு இருக்கிறவங்களுக்கு: நம்ம ஊர் களிமண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் குழையும். ஜாக்கி ஸ்டாண்டின் நாலு கால் முனையும் தனித்தனியாக உள்ளே இறங்கி ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் ஓரடிக்கு ஓரடி, ரெண்டு அங்குலக் கனத்தில் பலகை. அப்படியும் கழுவுகிற அன்றைக்குத் தூக்கக் கூடாது.

பட்டறைவாசல்
மன்னை சொன்னதோடு சேர்த்து, தூக்குகிற முறை. இதில் தப்பு செய்தால் அடுத்த வேலைக்கு ஆள் இருக்காது.

முதல் கியர் போட்டு, தூக்காத முனையின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைங்க. பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கை நம்பவே முடியாது, அது பிடிப்பதே பின் சக்கரத்தைத்தான். அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தை என்ன பிடித்து என்ன? ஜாக்கி வைக்கிற இடம் சில் மடிப்பில் இரண்டு வெட்டுக்கு நடுவில் தடிப்பாக இருக்கும், கையேட்டில் படம் இருக்கு. உங்க கொப்புளம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே ஜாக்கி வைக்கவே வேண்டாம், மடிப்பு நசுங்கி உள்ளே போய்விடும். முன்பக்கம் சப்ஃபிரேம் (இன்ஜினுக்கு அடியில் இருக்கிற தடித்த சட்டம்), பின்பக்கம் ஆக்சில் பீம், இந்த இரண்டிலும் கையேடு அனுமதித்த இடத்தில் தூக்கலாம். ஜாக்கி தூக்கத்தான், தாங்க ஸ்டாண்டு. ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு வண்டியைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்க. ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வைங்க. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து சில்லுக்கு அடியில் தள்ளி வைங்க. ஸ்டாண்டு சறுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், உங்க நெஞ்சு மேல் இல்லை.

கடைமடை
நன்றி அண்ணே. டிடிஎஸ் பார்த்தேன், 1,900 காட்டுது. குழாய்த் தண்ணீர் 340. கழுவுறதை விவரமா சொல்ல முடியுமா? நேரா பிரஷர் வாஷரை வைத்து அடிக்கலாம்னுதான் நினைச்சிருந்தேன்.

பட்டறைவாசல்
காய்ந்த களிமண்ணில் நேராக அடித்தால் மேல்தோல் மட்டும் போகும், உள்ளே இருக்கிறது சந்துக்குள் இன்னும் இறுகும். முதலில் ஊறணும். தோட்டத்துக்குப் போடுகிற ரெயின் ஹோஸில் மூன்று மீட்டர் துண்டு எடுத்து, ஒரு முனையை மடக்கிக் கட்டி, வண்டிக்கு அடியில் நீளவாக்கில் விரித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்க. இருபது நிமிஷம் கீழிருந்து மேலே தூவிக்கொண்டே இருக்கும். களி தானாகக் கட்டி கட்டியாகக் கழன்று விழும். பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி பத்து நிமிஷம். வண்டி ஆறியிருக்கணும், ஓடி வந்த சூட்டில் சைலன்சர் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது.

அப்புறம் பிரஷர் வாஷர். வீட்டு மிஷின் 100 முதல் 130 பார் வரை தரும், அது தாராளம். விசிறி நாசில் போட்டு ஒரு அடி தள்ளியே பிடிங்க. சுழலும் டர்போ நாசில் வேண்டவே வேண்டாம். ஆக்சில் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் பூட், வீல் பேரிங் சீல், ஏபிஎஸ் ஒயர், ஆக்சிஜன் சென்சார், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் இதழ்கள், இவற்றுக்கு நேராக அடிக்காதீங்க. பூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, சில ஆயிரம் கிலோமீட்டரில் திருப்பத்தில் கட கடன்னு சத்தம் வரும்.

சக்கரத்துக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக் லைனரைக் கழற்றாமல் கழுவினால் அது கழுவினதாகாது. பத்து மில்லிமீட்டர் போல்ட்டும் அமுக்கு கிளிப்பும்தான் பிடித்திருக்கும். எல்லாக் கிளிப்பும் முழுசாக வராது, புதுசாகப் பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்க. லைனருக்குப் பின்னால், ஃபெண்டரும் சில்லும் சேருகிற மூலையில், ஒரு கை மண் உட்கார்ந்திருக்கும். நடு வெயில் காலத்திலும் தொட்டால் சில்லென்று இருக்கும். துரு அங்கேதான் பிறக்கும், நம்ம கண்ணுக்குத் தெரிய நாலைந்து வருஷம் ஆகும்.

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்துக்கு மட்டும் டிகிரீசர், ஒன்றுக்குப் பத்து தண்ணீர். ஐந்து நிமிஷம், காயவிடாமல் கழுவிடணும்.

உப்பளத்துக்காற்று
வடிகால் ஓட்டையைச் சொல்லாமல் விட்டுட்டீங்க அண்ணே. எங்க கரையோரத்தில் அதுதான் பாதி வேலை. சில் பெட்டிக்கு அடியிலும் நாலு கதவின் கீழ் ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். வைப்பர் பக்கமிருந்தும் கண்ணாடி ரப்பர் வழியாகவும் உள்ளே இறங்குகிற தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரணும். களி அடைத்தால் சில் பெட்டி தொட்டியாகிவிடும், துரு உள்ளிருந்து வெளியே வரும். கடைமடையோட கொப்புளம் அந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கம்பி விட்டுக் குத்தாதீங்க, பெயின்ட் உரியும். தென்னை ஈர்க்கு போதும். அடிப்பக்கம் தடிப்பாகவும் நுனியில் வளைந்தும் போகும், உடைந்தாலும் உள்ளே கெடுதல் இல்லை. குத்தியதும் கலங்கல் தண்ணீர் வடிந்தால் அன்றைக்கு கோட்டிங் பேச்சே வேண்டாம், முழுசாக வடிந்து காய மூன்று நாளாவது வேணும். கதவு, டிக்கி எல்லாம் திறந்து வெயிலில் விடுங்க.

இன்னொன்று, உர மூட்டை. டிக்கியில் பொட்டாஷ் ஏற்றுகிறவங்க ஸ்டெப்னி குழியைத் திறந்து பாருங்க. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, நம்ம உப்புக்குப் பங்காளி. சாக்கின் தையலில் இருந்து உதிர்கிற சிவப்புக் குருணை தரை விரிப்புக்கு அடியில் போய், பனிக்காலத்தில் கசிந்து, தகட்டை மேலிருந்து தின்னும். அடியில் எவ்வளவு பூசினாலும் அதைத் தடுக்காது. வேக்குவம் போட்டு எடுத்து, ஈரத் துணியில் ரெண்டு தரம் துடைங்க.

மன்னை_ஓட்டம்
வைக்கோலும் இருக்கு. தை, மாசியில் ரோட்டில் போரடித்த தாளின் மேல் ஓட்டிய வண்டி எதுவாக இருந்தாலும் அன்றைக்கே குனிந்து பாருங்க. வைக்கோல் டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக் கயிறு மாதிரி இறுகி கியர்பாக்ஸ் ஆயில் சீலை அறுக்கும். அதைவிட மோசம், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் அதன் தகட்டு மறைப்புக்கும் நடுவில் செருகிக்கொள்வது. கன்வர்ட்டர் ஓட்டத்தில் 400 டிகிரிக்கு மேலே போகும், காய்ந்த தாள் பிடிக்க அவ்வளவு தேவையில்லை. இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே நிற்கும். கத்தரிக்கோலால் சுற்றை வெட்டி, மூக்குக் குறடால் துண்டு துண்டாக எடுக்கணும்.

கொள்ளிடக்கரை
குறுக்கே ஒரு கேள்வி. வயல் ரோட்டில் போய் வந்ததிலிருந்து 70ல் ஸ்டியரிங் நடுங்குது. அலைன்மென்ட் சரியாத்தான் இருக்குன்னாங்க.

பட்டறைவாசல்
சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. ரிம்முக்குள்ளே களி ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். ஐம்பது கிராம் இருந்தாலே பேலன்ஸ் கெடும். ஊறவைத்துக் கழுவினால் நடுக்கம் போகும். பேலன்ஸிங் எடை வைக்கிறது அதுக்கு அப்புறம். மண்ணோட எடை வைத்துட்டு வந்தால், மண் விழுந்த அன்றைக்கு மறுபடி நடுங்கும். பின்னால் டிரம் பிரேக் இருந்தால் டிரம்மையும் கழற்றிப் பார்க்கணும், சேற்றுத் தண்ணீரில் இறங்கிய வண்டியில் உள்ளே களி குழம்பி ஷூவைத் தேய்க்கும்.

கடைமடை
கழுவி மூணு நாள் காயவிட்டேன். ஓட்டையெல்லாம் ஈர்க்கு விட்டாச்சு, வலது பக்கம் மட்டும் கலங்கலாக வடிந்தது. ஸ்குரூடிரைவர் பிடியால் கொப்புளத்தைத் தட்டினால் மற்ற இடத்தில் வருகிற கணீர் சத்தம் இல்லை, பொத்துன்னு இருக்கு. இப்போ துரு வேலை எப்படி?

குடந்தை_பெயின்ட்
பொத்துன்னு கேட்டால் ஸ்குரூடிரைவர் முனையை வைத்துக் கட்டை விரல் பலத்தில் அழுத்துங்க. உள்ளே இறங்கினால் அங்கே பூச்சு வேலை முடிந்தது, வெல்டிங் பட்டறை வேலை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். சில் வண்டியோட முதுகெலும்பு, புட்டி வைத்து மூடி மேலே பூசுவது பக்கத்தில் உட்காருகிறவங்களை ஏமாற்றுவது. வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்க, பெட்ரோல் டேங்கும் பைப்பும் எங்கே போகுதுன்னு காட்டிவிட்டு அங்கேயே நில்லுங்க. பிரேக் பைப் செதில் செதிலாக உரிந்தாலும் அதே கதைதான். மேலே பூசக் கூடாது, மாற்றணும்.

இறங்கவில்லை என்றால் மேல்துருதான். ஆக்சில் பீமுக்கும் இதே முறை:

கிரைண்டரில் கம்பிக் கப் பிரஷ், மூலைக்குக் கை பிரஷ், அதுக்குப் பிறகு 80 நம்பர் உப்புத்தாள். துருவைச் சுற்றி ஓர் அங்குலம் நல்ல பெயின்ட்டையும் சேர்த்துத் தேயுங்க, இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து மறுபடி தூக்கும். கண்ணாடி கட்டாயம், பிரஷ் கம்பி ஊசி மாதிரி பறக்கும். தின்னர் துணியால் துடைங்க. குழியில் தங்கின துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், துருவோடு சேர்ந்து கருப்பாக மாறும். பளபளப்பான இரும்பில் அதுக்கு வேலை இல்லை, அங்கே பூசினால் பிசுபிசுன்னு தங்கி பிரைமரைக் கெடுக்கும். பிரஷ்ஷில் மெல்லிசாக ஒரு கை, அரை மணி கழித்து இன்னொரு கை, 24 மணி நேரம் விடுங்க. சில டப்பாவில் தண்ணீரில் கழுவச் சொல்லியிருக்கும், சிலதில் கழுவாதேன்னு இருக்கும். டப்பா சொல்கிறபடி செய்யுங்க.

பிரைமர்: கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற ரெட் ஆக்சைடு இங்கே வேண்டாம். அது சரியாக ஆறுவதற்குள் மேலே கோட்டிங் விழுந்தால் அதிலுள்ள காட்டமான கரைப்பான் பிரைமரைச் சுருட்டித் தூக்கிவிடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் வாங்குங்க. உங்க வேலைக்குக் கால் லிட்டர் தாராளம். கலந்ததை அன்றைக்கே தீர்க்கணும், மறுநாள் கல்லாகிவிடும்.

நெல்வண்டி
இவ்வளவு எதுக்குங்க? டீசலும் பழைய ஆயிலும் அடித்தால் முந்நூறு ரூபாயில் வேலை முடியுது. டிராக்டர் டிரெய்லருக்கெல்லாம் வருஷா வருஷம் அதானே அடிக்கிறோம். துரு பிடிக்கலையே.

பட்டறைவாசல்
டிரெய்லருக்குச் சரிதான் அண்ணே, அதில் ரப்பர் புஷ் எத்தனை இருக்கு? காரில் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர், ஆக்சில், சைலன்சர் தொங்கல் எல்லாம் ரப்பர். டீசல் பட்ட ரப்பர் ஊதிக் குழையும், ஒரு வருஷத்தில் குழியில் டக் டக்குன்னு சத்தம் கேட்கும். அந்தப் புஷ் மாற்றுகிற கூலி கோட்டிங் செலவைத் தாண்டும். பிரேக் டிஸ்க்கிலும் ஷூவிலும் பட்டால் பிடிப்பே போய்விடும். பழைய ஆயிலில் எரிந்த அமிலக் கழிவு இருக்கு, அது இரும்புக்கு நல்லதில்லை. அதோடு இரண்டே நாளில் புழுதி ஒட்டி, அந்தப் புழுதியில் உப்பு தங்கி, நாம் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்போம். சூடான சைலன்சர் மேல் பட்ட டீசல் புகைவதையும் பார்த்திருப்பீங்க.

ஆனால் நீங்க சொல்கிறதில் ஒரு உண்மை இருக்கு. எண்ணெய் மாதிரி இளகி நிற்கிற பூச்சு, சந்துக்குள் ஊர்ந்து போகும், வெடிக்காது. அதையே ரப்பரைக் கெடுக்காமல் செய்யணும்னா மெழுகு அல்லது லானோலின் சேர்ந்த பூச்சு இருக்கு. லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை தொட்டுவிடணும், அது ஒன்றுதான் குறை.

நெல்வண்டி
புஷ் விஷயம் யோசிக்க வேண்டியதுதான். அப்போ கருப்பு ரப்பர் கோட்டிங், மெழுகு, ரெண்டில் எது?

குடந்தை_பெயின்ட்
இடத்துக்கு ஏற்ற மாதிரி. கல் வந்து அடிக்கிற இடம் சக்கரக் குழியும் தரைத் தகடும். அங்கே ரப்பர் அல்லது பிட்டுமின் கோட்டிங். சில் பெட்டியின் உள்பக்கம், மடிப்பு, கதவின் அடி, இங்கெல்லாம் கேவிட்டி மெழுகு. ஆக்சில், சப்ஃபிரேமுக்கு எபாக்சி பிரைமர், கருப்பு பெயின்ட், அதன் மேல் மெழுகு. முழுக்கப் பிட்டுமின் அடிப்பதில் ஒரு கெடுதல் உண்டு. மூன்று நாலு வருஷத்தில் இறுகி வெடிக்கும், வெடிப்புக்குள் தண்ணீர் போகும், வெளியே கருப்பாக நல்லாவே தெரியும். பிய்த்துப் பார்க்கிறவரை துரு தெரியாது.

அளவு: ஹேட்ச்பேக்குக்கு பிட்டுமின் ரகம் இரண்டரை லிட்டர், ஸ்பிரே கேன் என்றால் 500 மில்லியில் ஐந்து. மெழுகு இரண்டு சில்லுக்கும் சேர்த்து ஒரு லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலைத் திருகி மாட்டுகிற கோட்டிங் கன், கம்ப்ரசரில் 4 முதல் 5 பார். ஒரே மூச்சில் தடிப்பாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கும், வாரக்கணக்கில் நக அடையாளம் விழும். மெல்லிசாக இரண்டு கை, நடுவில் நாலு மணி நேரம், ஓட்டுவதற்கு முன்னால் ஒரு முழு நாள்.

கடைமடை
எதையெல்லாம் மூடணும்? நாளைக் காலையிலேயே அடிச்சுடலாமா?

குடந்தை_பெயின்ட்
காலையில் வேண்டாம். தகடு பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிற வெப்பநிலைக்கு, 3 டிகிரியாவது மேலே சூடாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும். நம்ம பக்கம் ஏழு மணிக்குத் தகட்டில் கையை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும், அதன் மேல் அடித்தால் பாய் மாதிரி உரிந்து வரும். பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிங்க. பங்குனி முதல் ஆனி வரை நல்ல பருவம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை குனிந்து பார்த்து, கல் பட்ட இடத்தைத் தொட்டுவிட்டால் போதும்.

மூட வேண்டியது: சைலன்சர் முழுக்கவும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அதன் தகட்டு மறைப்பும், பிரேக் டிஸ்க், காலிப்பர், டிரம், டிரைவ் ஷாஃப்ட், பூட், எல்லா ரப்பர் புஷ்ஷும், ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டு, சென்சார், ஒயர் இணைப்பு, ஹேண்ட் பிரேக் கேபிள், டேங்கின் காற்றுக் குழாய். இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கமே போகக் கூடாது, அது சூட்டை விடணும். செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும், டிஸ்க்குக்குப் பழைய யூரியா சாக்கின் உள்பை. வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்கைச் செருகி வைங்க, பூச்சு முடிந்து அது ஈரமாக இருக்கும்போதே உருவிடுங்க. போல்ட் தலையில் கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த முறை ஸ்பேனர் ஏறும்.

கரைப்பான் ஆவி தரையில் தங்கிப் பரவும். பக்கத்தில் அடுப்பு, பீடி, கிரைண்டர் எதுவும் கூடாது. கீழே படுத்து மேலே அடிக்கும்போது முகத்திலேயே விழும். கார்பன் வடிப்பான் முகமூடி, முழுக் கண்ணாடி. துணி முகமூடி போதாது.

உப்பளத்துக்காற்று
மெழுகு அடிக்கிறதுக்குத் தனியாக ஓட்டை போடாதீங்க. சில்லின் உள்பக்கம் ரப்பர் மூடி போட்ட துவாரம் ஏற்கெனவே இருக்கும். அது வழியாக, முனையில் சுற்றிலும் தெளிக்கிற நீளக் குழலைக் கடைசி வரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்கணும். வடிகால் வழியாகச் சொட்டத் தொடங்கினால் அந்தப் பகுதி நிறைந்தது. தகட்டில் துளை போட்டால் துரு வாரண்டி போகலாம், இருக்கிற பத்திரத்தைப் படித்துப் பாருங்க.

கொள்ளிடக்கரை
மின்சாரக் காருக்கும் இதேதானா?

பட்டறைவாசல்
கழுவுவது சரி. பேட்டரிப் பெட்டியின் மேல் எந்தப் பூச்சும் வேண்டாம், அதன் ஓரத்து சீலுக்கும் ஆரஞ்சு நிற ஒயர் இணைப்புக்கும் பிரஷர் வாஷர் காட்டாதீங்க. ஜாக்கி வைக்கிற இடமும் வேறாக இருக்கும், பெட்டியில் முட்டுக் கொடுத்தால் பெரிய செலவு. சக்கரக் குழிக்கும் சில் உள்பக்கத்துக்கும் மேலே சொன்னதே பொருந்தும்.

கடைமடை
ஸ்குரூடிரைவர் வலது சில்லில் கால் அங்குலம் இறங்கிடுச்சு. வெல்டிங்குக்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். இடது பக்கமும் ஆக்சிலும் தேய்ச்சு ரஸ்ட் கன்வர்ட்டர் போட்டாச்சு, நல்லா கருத்திருக்கு. வெல்டிங் ஆன உடனே உள்பக்கம் மெழுகு விடலாமா?

குடந்தை_பெயின்ட்
வெல்டிங் ஓரத்தில் உள்பக்கப் பெயின்ட் கருகியிருக்கும், மெழுகு முக்கியமாக வேண்டிய இடமே அதுதான். முழுக்க ஆறட்டும், இல்லாவிட்டால் மெழுகு புகைந்து தீப்பிடிக்கும். வெளியே கசடைத் தட்டித் தேய்த்து எபாக்சி, தையலின் மேல் பாலியூரிதீன் சீலன்ட், மறுநாள் கோட்டிங். மெழுகைக் கடைசியாக உள்ளே விடுங்க, முன்னாலேயே விட்டால் ஓட்டை வழியாகக் கசிந்து வெளிப்பூச்சு ஒட்டாது. பட்டறைக்காரர் புதுத் தகட்டில் வடிகால் ஓட்டை விட்டாரான்னு வண்டியை எடுக்கும் முன்னால் ஈர்க்கை விட்டுப் பாருங்க.